கிராமத்துத் தர்காவில் வரலாறு தேடுவது எப்படி

முதலில், கந்தூரி (தர்காவின் ஆண்டு விழா) அன்றைக்குப் போகாதீர்கள். சந்தனக்கூடு பார்க்கலாம், வாணவேடிக்கை பார்க்கலாம், மிட்டாய்க்கடையில் காசைத் தொலைக்கலாம். தர்காவை மட்டும் பார்க்க முடியாது. வியாழன் மாலையும் வேண்டாம். முஸ்லிம்களான எங்கள் கணக்கில் அதுதான் வெள்ளி இரவு, நேர்ச்சைக்காரர்கள் கூட்டம் இருக்கும். செவ்வாயோ புதனோ, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கையோடு போங்கள். தர்காவைப் பார்த்துக்கொள்கிற லெப்பைக்கும் பேச நேரம் இருக்கும்.

செருப்பைக் கழற்றி, கால் கழுவி, தலையை மூடிக்கொள்ளுங்கள். இந்துக்கள் வரலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். தாராளமாக வரலாம், காலங்காலமாக வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பெண்கள் எதுவரை போகலாம் என்பது மட்டும் இடத்துக்கு இடம் மாறும், வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் நேராகக் கப்ருக்கு (அடக்கம் செய்த இடத்துக்கு) ஓடாமல், முன்மண்டபத்தில் ஒரு தூணில் சாய்ந்து அரைமணி நேரம் உட்காருங்கள். இது என் உம்மம்மா பழக்கியது. “அவுலியா எங்கயும் போயிட மாட்டாங்க, நீ உட்காரு” என்பார். அவுலியா என்றால் இறைநேசர். சாம்பிராணி, விளக்கெண்ணெய்ச் சிக்கு, போர்வைகளில் ஊறிய பன்னீர் என்று ஒவ்வொரு வாசனையாகப் பிரிந்து வரும். அழுகிற குழந்தையின் தலையில் லெப்பை மயிலிறகுக் கட்டால் தடவி ஓதி ஊதுவார்.

அப்புறம் நிமிர்ந்து தூண்களைப் பாருங்கள். தென்காசி மாவட்டம் பொட்டல்புதூருக்குப் போனால் கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தது போலவே இருக்கும். கல் வேலை தெரிந்தவர்கள் கோயிலுக்குப் பழகிய கையோடு இங்கேயும் செய்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் சிலை இருக்காது. தாமரை, கொடி, பூ என்று உளி அந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும். இன்னொரு விஷயம், பொட்டல்புதூரில் அடக்கஸ்தலமே இல்லை. அந்தத் தர்கா முகையதீன் ஆண்டகை (சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானி) பேரில் இருக்கிறது. அவர்கள் 1166-இல் மறைந்து பாக்தாதில் அடங்கியவர்கள். ஆகவே எந்தத் தர்காவுக்குப் போனாலும் ‘இங்கே யார் அடங்கியிருக்கிறார்கள்’ என்று கேட்பதற்கு முன்னால் ‘அடக்கம் இருக்கிறதா’ என்று கேளுங்கள்.

கல்வெட்டு இருந்தால் அரபு எண்களைக் கற்றுக்கொண்டு போங்கள். நான் பட்டது போதும். ஒரு சிறிய தர்காவின் நிலைக்கல்லில் ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு) 110 என்று படித்து, ஆயிரத்து முந்நூறு வருஷப் பழமை என்று ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அரபு ஐந்து நம் பூஜ்யம் மாதிரி வட்டமாக இருக்கும், அவர்களுடைய பூஜ்யம் வெறும் புள்ளி. நான் அழுக்கு என்று நினைத்து விரலால் துடைத்த புள்ளிதான் கடைசி இலக்கம். சரியான ஆண்டு ஹிஜ்ரி 1150. அதை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் ஏறக்குறைய 1737 வரும். எழுத்து அரபாக இருந்து, அரபு தெரிந்தவருக்கும் பொருள் புரியவில்லை என்றால் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழாக இருந்தால் காதில் தமிழ் கேட்கும்.

லெப்பையிடம் “எப்போ கட்டினது?” என்று கேட்காதீர்கள், “ஆயிரம் வருஷம் இருக்கும்” என்பார். அதோடு பேச்சு முடிந்தது. விளக்குக்கு எண்ணெய் யார் வீட்டிலிருந்து வருகிறது, கொடித்துணி எந்தத் தெருவிலிருந்து வருகிறது, சந்தனக்கூடு கட்டுவது யார், முதல் நார்சா (ஓதிப் பங்கிடும் உணவு) யாருக்கு என்று கேளுங்கள். ஒரு ஊரில் இந்தக் கடைசிக் கேள்விக்கு, “கூடு கட்டுற ஆசாரி வீட்டுக்கு. அவங்களுக்குக் கொடுத்துட்டுத்தான் எங்களுக்கே” என்று பதில் வந்தது. அந்த உரிமை எப்போது வந்தது என்று தோண்டினால் பாதிக் கதை கிடைத்துவிடும்.

மீதிப் பாதி நிலத்தில் இருக்கிறது. பழைய தர்காக்கள் பலவற்றுக்கு மானிய நிலம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் 1858-க்குப் பிறகு இனாம் கமிஷன் அந்த மானியங்களை விசாரித்துப் பதிவு செய்தது. அந்த இனாம் பதிவேடுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஊர் பெயரும் பழைய தாலுகா பெயரும் தெரிந்துகொண்டு போங்கள். தாலுகாக்கள் மாறிவிட்டதால் இதில்தான் பலரும் முட்டிக்கொள்வார்கள்.

ராத்திரி தங்க முடிந்தால் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் போங்கள், அதுவும் சூஃபிக் கவிஞர் பீர்முகம்மது அப்பா விழாவில். (கந்தூரிக்குப் போகாதே என்ற என் விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு.) அப்பா எழுதிய ஞானப்புகழ்ச்சியை விடியவிடியப் பாடுவார்கள். தேதியை மட்டும் போன வருஷக் காலண்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிறைக் கணக்கு, வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும்.

கிளம்பும்போது லெப்பை கையில் சர்க்கரையும் நாலு மல்லிகைப் பூவும் தருவார். வலது கையால் வாங்குங்கள். சர்க்கரையைப் பையில் போட்டு எறும்பு சேர்க்காமல், வாசலில் நிற்கிற பிள்ளைகளுக்குக் கிள்ளிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.