வொண்டர்லாவா, ஒகேனக்கல்லா? ஊருக்கு வரும் குடும்பங்களுக்கு ஒரு தண்ணீர் நாள் திட்டம்

விடுமுறைக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வரும் குடும்பங்களில் இரண்டாவது வாரம் இந்தப் பேச்சு எழுந்தே தீரும். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தாயிற்று, அத்தை வீட்டு விருந்தும் மாமா வீட்டு விருந்தும் முடிந்தாயிற்று. "தண்ணியில ஆடுற மாதிரி எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்று பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். உடனே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். பெரியவர்கள் ஒகேனக்கல் என்பார்கள், சின்னவர்கள் பெங்களூரு வொண்டர்லா வாட்டர் பார்க் என்பார்கள். எந்தக் கட்சி சரி என்பது பெரும்பாலும் நீங்கள் எந்த மாதத்தில் வந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்காவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருபவர்களுக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் வசதி. சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஜூன். அதே மாதங்களில்தான் தென்மேற்குப் பருவமழை. ஒகேனக்கல்லில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் வயநாட்டிலும் குடகிலும் மழை கொட்டினால் கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பும். அங்கே திறந்துவிடும் தண்ணீர் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலு வழியாக நம் பக்கம் வந்துசேரும். நீர்வரத்து ஏறிவிட்டால் மாவட்ட நிர்வாகம் அருவியில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடும். 2024 ஜூலைக் கடைசியில் மேட்டூர் அணை 120 அடி நிரம்பிய சமயத்தில் அப்படித்தான் ஒகேனக்கல்லே மூடிக் கிடந்தது. அந்த மாதிரி நாளில் போனால் செம்மண் நிறத்தில் பொங்கி ஓடும் ஆற்றைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பார்க்கப் பிரமாதமான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் நீச்சல் உடையோடு வந்த எட்டு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வருபவர்களுக்கு என் யோசனை வாட்டர் பார்க்தான். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஜூன் நடுவில் பள்ளிக்கூடங்கள் நடந்துகொண்டிருக்கும். ஒரு செவ்வாய் அல்லது புதன் கிழமை போனால் ஒவ்வொரு சறுக்கலிலும் வரிசை குறைவாக இருக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு லீவு, இங்குள்ளவர்களுக்கு வேலை நாள் என்ற இந்த அனுகூலம் ஊரில் வேறு எந்த விஷயத்திலும் உங்களுக்குக் கிடைக்காது. உள்ளூர்ச் சொந்தங்களும் வர வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால் அது போய்விடும். ஏப்ரல், மே என்றால் நிலைமை தலைகீழ். கூட்டம் அதிகம், அதோடு பெங்களூரு பக்கம் அந்த மாதங்களில் பிற்பகலில் இடிமழை சகஜம். இடி இடித்தால் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். டிசம்பரில் வருபவர்களுக்கு ஆறு அமைதியாகிவிட்டிருந்தால் ஒகேனக்கல் நல்ல தேர்வு. அந்தக் குளிரில் பெங்களூருக்குப் போய் நனைந்து நடுங்குவதைவிட இது மேல்.

மாவட்டத்துக்குள்ளேயே போய்வர முடியாதா என்று கேட்பீர்கள். பெயர்பெற்ற பெரிய பார்க்குகள் எல்லாம் வெளியேதான். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டர் இருக்கிறது. தருமபுரியிலிருந்து சேலம், அவிநாசி வழியாகப் போக வேண்டும், ஒரே நாளில் போய்த் திரும்புவது பிள்ளைகளுக்குத் தண்டனை. ஊட்டிப் பயணத்தோடு சேர்த்து ஒரு இரவு தங்கினால் சரி. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பூங்கா மாலையில் காலாற நடக்கவும் பொரித்த மீன் சாப்பிடவும் அருமையான இடம், ஆனால் தண்ணீரில் இறங்குவதற்கானது அல்ல. பெங்களூரு ஏரிகளின் கழிவையும் சுமந்துகொண்டுதான் இந்த அணைக்கு வரும் தென்பெண்ணை ஓசூருக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை மலையாக நிற்கும் படங்களைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

ஊருக்குப் பக்கத்திலேயே நீச்சல் குளமும் இரண்டு சறுக்குமாகச் சின்ன இடங்கள் இருந்தால், யாராவது சொந்தக்காரர் "அங்கேயே போகலாமே" என்பார். போகலாம், ஆனால் குளத்தின் ஓரத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் இறங்காதீர்கள். மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை சுத்தத்துக்கு அடையாளம் என்று நினைப்பது தவறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால்தான் அந்த நெடி வரும். விசிலோடு ஒருவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாரா என்பதையும் கவனியுங்கள். போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் காவலர் ஆக மாட்டார்.

வழியும் வண்டியும்

வொண்டர்லா பெங்களூருவில் என்று சொன்னாலும் உண்மையில் அது மைசூர் சாலையில், பிடதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2005 முதல் நடக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து 110 கிலோமீட்டருக்கு மேல் வரும். தருமபுரி என்றால் இன்னும் ஐம்பது சேர்த்துக்கொள்ளுங்கள். சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியில், நகரத்தைச் சுற்றிப் போகும் நைஸ் ரோடு பிடித்து மைசூர் சாலையில் இறங்கிவிடலாம். நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். நைஸ் ரோட்டுக்குத் தனிச் சுங்கம் உண்டு. அங்கே போய் டீக்கடை தேடாதீர்கள், வண்டியை நிறுத்த வேண்டிய வேலையெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பார்க் 11 மணி வாக்கில்தான் திறக்கிறது, தண்ணீர் விளையாட்டுகள் அதற்கும் பிறகு. அதனால் எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும் என்று தோன்றும். ஆனால் எட்டு மணிக்கு ஓசூரில் கம்பெனி பேருந்துகள், அப்புறம் அத்திப்பள்ளி, சந்தாபுரா நெரிசல். காலை ஆறு மணிக்குக் கிருஷ்ணகிரியை விட்டுவிடுங்கள். ஓசூர் தாண்டி நிதானமாகச் சிற்றுண்டி சாப்பிட்டுவிட்டுப் போனாலும் திறக்கும்போது வாசலில் இருக்கலாம். முதல் ஒன்றரை மணி நேரத்தில் தரையில் ஓடும் சவாரிகளை முடித்துவிட்டு, உடை மாற்றித் தண்ணீருக்குப் போவது நல்ல வரிசை. நனைந்த பிறகு மறுபடி காய்ந்த சவாரிக்கு வருவது இரண்டு தடவை உடை மாற்றும் வேலை.

வாடகை வண்டி என்றால் மஞ்சள் போர்டு வண்டியாகவே எடுங்கள். மாநில எல்லை தாண்டுவதற்கான பர்மிட் செலவு, டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா எல்லாம் வாடகையில் அடங்குமா என்று முந்தைய நாளே பேசிவிடுங்கள். இதைப் பேசாமல் விட்டு இரவு பத்து மணிக்கு வீட்டு வாசலில் பேரம் நடப்பது எல்லோருக்கும் சங்கடம். டிரைவருக்குச் சாப்பாட்டுக்கும் காசு கொடுங்கள், மதியம் அவர் தூங்கட்டும். திரும்பும்போது உங்கள் உயிர் அவர் கண்ணில்தான் இருக்கிறது.

விமானத்தில் வந்து இறங்கிய முதல் மூன்று நாட்களில் இந்தப் பயணம் வேண்டாம். தேவனஹள்ளியில், அதாவது பெங்களூரு விமான நிலையத்தில், இறங்கி அப்படியே போய்விடலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். நேர மாற்றத்தில் பிள்ளைகள் மதியம் மூன்று மணிக்குக் குளத்துப் படியிலேயே தூங்கி விழுவார்கள். கிளம்பும் முந்தைய நாளும் வேண்டாம். ஈரத்துணியைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது.

டிக்கெட், உடை, தாலி

டிக்கெட்டை இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். வெளிநாட்டு கார்டு இங்குள்ள தளங்களில் பாதி நேரம் தகராறு செய்யும். மச்சான் போனிலிருந்து யுபிஐயில் கட்டச் சொல்லி அவருக்குப் பணமாகக் கொடுத்துவிடுவது சுலபம். என்ஆர்ஐ கணக்கு இருந்தால் அமெரிக்கா, சிங்கப்பூர், அமீரகம் போன்ற நாடுகளின் போன் எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள முடியும். அதை ஊருக்குக் கிளம்பும் முன்பே சரிசெய்து வாருங்கள்.

குழந்தை டிக்கெட்டா பெரியவர் டிக்கெட்டா என்பது வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்து. பெரிய சவாரிகள் பலவற்றுக்கு 140 செ.மீ. கேட்பார்கள், அதாவது 4 அடி 7 அங்குலம். வீட்டுச் சுவரில் நிற்கவைத்து அளந்துவிட்டு, எதில் ஏற முடியும், எதில் முடியாது என்று முந்தைய நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று திருப்பி அனுப்பப்பட்டால் அந்த அழுகை மாலை வரை நிற்காது. பார்க்க மட்டும் வரும் தாத்தாவுக்கும் டிக்கெட் உண்டு. மூத்த குடிமக்களுக்குச் சலுகை இருந்தால் வயதுச் சான்று கேட்பார்கள், ஆதார் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு நகல் மட்டும் கொண்டுபோனால் போதும்.

குளத்தில் பருத்தி உடைக்கு அனுமதி இல்லை. நூல் பிசிறு வடிகட்டியில் போய் அடைக்கும் என்பதுதான் காரணம். நைலான், லைக்ரா வகைதான் செல்லும். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடையை நீங்கள் இருக்கும் ஊரிலேயே அம்மா, அண்ணி, நாத்தனார் அளவுக்கும் சேர்த்து வாங்கி வந்தால் அவர்களும் தண்ணீரில் இறங்குவார்கள். உடை இல்லாததால்தான் பாதிப் பெண்கள் பை காத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். சில பார்க்குகளில் உள்ளேயே விற்கவும் வாடகைக்குத் தரவும் செய்வார்கள்தான், ஆனால் அடுத்தவர் போட்ட உடையை அம்மா தொட மாட்டார்.

அப்புறம் நகை. சறுக்கில் சங்கிலி மாட்டினால் கழுத்துக்கே ஆபத்து. கொலுசு, வளையல், ஜிமிக்கி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், லாக்கரை நம்பி எடுத்துவர வேண்டாம். தாலிச் சங்கிலியைக் கழற்ற மாட்டேன் என்பவர்களுக்கு வீட்டில் பெரியவர்களே வழி சொல்வார்கள்: அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றி, உடைக்குள் ஊக்கு குத்திக்கொள்வது. அப்படிச் செய்தாலும் வேகமான சறுக்குகள் வேண்டாம், அலைக்குளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். காலையில் ஆயா ஆசையாகப் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிடுவார். அதை மறுநாளைக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

சாப்பாடும் அப்படித்தான். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வராமல் நம் வீட்டுப் பயணம் ஏது? ஆனால் வெளி உணவை உள்ளே விட மாட்டார்கள். கட்டுச்சோற்றைக் காலை உணவாக ஓசூர் பக்கம் மரநிழலில் பிரித்துவிடுங்கள். ஆயாவுக்கும் மனசு குளிரும், பிள்ளைகளும் உள்ளே மதியம் வரை தாங்குவார்கள். வெயிலில் தயிர்சாதத்தைச் சாயங்காலம் வரை வண்டியில் வைத்திருந்து சாப்பிடுவதுதான் கூடாது. குளத்துத் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு இரண்டு முறை சொல்லுங்கள்.

போன்கள் லாக்கருக்குள் போனதும் பதினைந்து பேர் பதினைந்து திசையில் போய்விடுவார்கள். ஒரு இடத்தையும் நேரத்தையும் முன்பே முடிவு செய்யுங்கள். சின்னப் பிள்ளைகளின் கையில் அழியாத மையில் உள்ளூர் எண் ஒன்றை எழுதிவிடுங்கள். ஒரு போன் மட்டும் நீர்புகா உறையில் கரையில் இருப்பவரிடம் இருக்கட்டும், அந்த எண்ணைத்தான் எழுத வேண்டும். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேகமான சவாரிகளில் ஏறக் கூடாது. "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும் சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார், அவர் மேல் ஒரு கண் வையுங்கள். அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ் கர்நாடகத்திலும் உண்டு.

ஒகேனக்கல் என்று முடிவானால்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். கிளம்பும் காலையில் பிலிகுண்டுலு நீர்வரத்து எத்தனை கனஅடி, தடை இருக்கிறதா என்று தமிழ்ச் செய்திகளில் பாருங்கள், தினமும் போடுகிறார்கள். ஆடிப்பெருக்கு சமயத்தில் போகாதீர்கள், காலூன்ற இடம் கிடைக்காது. பரிசலில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள், பிள்ளைகளுக்கு அளவானது இல்லையென்றால் அடுத்த பரிசலுக்குக் காத்திருங்கள். குளிக்க ஒதுக்கிய இடத்தைத் தாண்டி ஆற்றில் இறங்கவே கூடாது. பாறை வழுக்கும், சுழல் இருக்கும், முதலையும் இருக்கும். வெளிநாட்டில் நீச்சல் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டும், அவர்களுக்குத்தான் தைரியம் அதிகம்.

எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு அருவியில் நிற்பது அப்பாக்களுக்கான சுகம். அதை முடித்துக்கொண்டு வருவதற்குள், மீன் வாங்கிக் கொடுத்தால் குழம்பும் வறுவலுமாக அங்கேயே சமைத்துத் தரும் அக்காக்களிடம் சாப்பாட்டை ஒப்படைத்துவிடலாம். குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. காட்டுவழிப் பாதை, யானை நடமாட்டமும் உண்டு, இருட்டும் முன் பென்னாகரம் வந்துவிடுங்கள்.

எங்கே போனாலும் மறுநாளுக்கு யார் வீட்டு விருந்தையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். "நாளைக்கு மதியம் நம்ம வீட்டுல கறிச்சோறு" என்று பெரியம்மா கேட்டால் நாளை மறுநாள் என்று சொல்லிவிடுங்கள்.