இமை ஆபரேஷனும் ஆன்டிபயாடிக்கும்: வழக்கமாக நடக்கும் தவறுகள்

இமையில் ஆபரேஷன் என்றால் அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது, மருத்துவர் எழுதாவிட்டாலும் "மாத்திரை ஒண்ணும் இல்லையா டாக்டர்?" என்று கேட்டு வாங்கிவிடுகிறோம். தொங்கும் இமையைத் தூக்கித் தைப்பது, தளர்ந்த தோலை வெட்டி எடுப்பது, உள்ளே மடிந்து முடி குத்தும் இமையைச் சரிசெய்வது எல்லாம் சுத்தமான ஆபரேஷன்கள். இமைக்கு ரத்த ஓட்டம் அதிகம், புண் சீக்கிரம் ஆறிவிடும், இமைத் தோல் ஆபரேஷனில் கிருமித் தொற்று வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அதற்காக எல்லோரும் மாத்திரை விழுங்கி வயிற்றுப்போக்கையும் அலர்ஜியையும் வாங்கிக்கொள்வதில் அர்த்தமில்லை. 2016-இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டியும், தேவைப்படும் ஆபரேஷன்களில் கத்தி வைப்பதற்கு முன்பே மருந்து கொடுத்துவிடுங்கள், முடிந்த பிறகு தடுப்புக்கென்று நீட்டிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறது.

விதிவிலக்கு உண்டு. நாய் கடித்து இமை கிழிந்திருந்தாலோ, கண்ணீர்ப்பையில் சீழ் இருந்தாலோ, சர்க்கரை எகிறிக் கிடந்தாலோ மருத்துவர் மாத்திரை எழுதுவார், அதைச் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். போன வருஷம் மிச்சம் வைத்த அட்டையைத் தேடி எடுத்து விழுங்குவது இதில் சேராது. அட்டையின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள், மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்பதற்கான அடையாளம் அது.

உண்மையில் தொற்றைத் தடுக்கும் வேலை பெரும்பாலும் கத்தி வைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது, நாம் கோட்டை விடுவதும் அங்கேதான். இமை ஓரத்தில் பொடுகு மாதிரி செதில் ஒட்டிக்கொண்டு காலையில் கண் பிசுபிசுக்கிறவர்கள், வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து இமை ஓரத்தைத் துடைத்து அதைச் சரிசெய்துகொண்டு போக வேண்டும். மூக்கோரம் இருக்கும் கண் மூலையை விரலால் அழுத்தினால் சீழோ கோழையோ வெளியே வருகிறதா? அப்படியென்றால் கண்ணீர்ப்பை அடைத்திருக்கிறது, அவசியம் சொல்லிவிடுங்கள். புரை ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணீர்க் குழாயில் தண்ணீர் விட்டுப் பார்ப்பது இதற்குத்தான், சம்பிரதாயத்துக்கு இல்லை. ஆபரேஷன் அன்றைக்குக் கண்மை, ஒட்டு இமைமுடி எதுவும் வேண்டாம்.

ஆபரேஷன் தியேட்டரில் தடவும் பழுப்பு நிறத் திரவம், அதாவது போவிடோன் அயோடின், தடவியதும் துடைக்காமல் இரண்டு மூன்று நிமிஷமாவது இருந்தால்தான் வேலை செய்யும். தோலுக்கு 10 சதவீதம், கண்ணுக்குள் விட 5 சதவீதம். சோப்பு கலந்த ஸ்க்ரப் வகையும், ஸ்பிரிட்டும், குளோர்ஹெக்சிடினும் கண்ணுக்குள் போனால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். சின்ன கிளினிக்கில் இமைப் பக்கம் ஏதாவது செய்துகொள்கிறீர்கள் என்றால் எதைத் தடவுகிறார்கள் என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

அப்புறம் களிம்பு. இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். தையலுக்கு மேல் நியோமைசின் கலந்த களிம்பு தடவுகிற சிலருக்கு, மூணு நாலு நாளில் களிம்பு பட்ட இடம் முழுக்கச் சிவந்து செதில் விட்டு, வலியை விட அரிப்பு தாங்க முடியாமல் போகும். அது பெரும்பாலும் களிம்பின் அலர்ஜி. வீட்டில் "செப்டிக் ஆயிடுச்சு" என்று முடிவு கட்டி அதே களிம்பை இன்னும் தாராளமாக அப்புவார்கள், கண் பூரி மாதிரி உப்பிப்போகும். வலியை விட அரிப்புதான் அதிகம் என்றால் களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைக் கடையில் தானாக வாங்கி விட்டுக்கொண்டே இருந்தால் கண் அழுத்தம் ஏறும், நரம்பு கெடும் வரை தெரியவே தெரியாது. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதுவும் தையல் பிரிக்கும் வரை கிட்டவே வரக்கூடாது. சொட்டு மருந்துப் புட்டியின் மூக்கு இமையில் படக்கூடாது, திறந்து ஒரு மாதம் ஆனால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

"புரை ஆபரேஷனில் மட்டும் ஆன்டிபயாடிக் தருகிறார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே கண்ணுக்குள்ளேயே போகிறார்கள், கிருமி உள்ளே சிக்கினால் பார்வையே போய்விடலாம். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட புரை ஆபரேஷன்களை ஆராய்ந்ததில், முடிக்கும்போது கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் செலுத்தியவர்களிடம் உள்தொற்று 0.02 சதவீதம், செலுத்தாதவர்களிடம் 0.07 சதவீதம். மருந்து போக வேண்டிய இடத்துக்கே போகிறது, மாத்திரையாக அல்ல. இந்தக் கணக்கை இமைத் தோலுக்குக் கொண்டுவர முடியாது.

இமை ஆபரேஷனில் முதல் இரண்டு நாள் வீக்கமும் நீலமும் சகஜம், ஐஸ் ஒத்தடம் போதும். வடிந்துகொண்டிருந்த வீக்கம் மூணாம் நாளுக்கு மேல் திரும்ப ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழியை அசைக்கும்போது வலித்தாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள். முதல் நாளே கடும் வலியோடு பார்வை மங்கினால் அது உள் ரத்தக்கசிவாக இருக்கலாம், ராத்திரியானாலும் காத்திருக்கக் கூடாது. எல்லாம் ஆறிச் சில வாரம் கழித்துத் தையல் கோட்டில் சின்னச் சின்ன முடிச்சாக வந்து வழக்கமான மாத்திரைக்கு அடங்காவிட்டால், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறொரு கிருமியாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்போது இன்னொரு ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள், சீழை எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லுங்கள்.