'ஹோப்ஃபுல்' என்ற சொல்லை எங்கே போடுவது?

தங்கச்சிமடத்தில் சாயங்கால நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். நல்ல சேதி எதுவானாலும் அவர்களுக்கு 'குட்' தான். மனசுக்குத் தெம்பு தருகிற சேதிக்கு 'ஹோப்ஃபுல்' என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல் ஆளுக்கும் வரும், சேதிக்கும் வரும். ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற நேரத்தில் பாம்பன் பக்கம் போய்ப் பாருங்கள். விசைப்படகின் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், புதுப் பெயின்ட் பளபளக்கும். கரையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைக் கோத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நம்பிக்கை இருக்கிறது: 'தி ஃபிஷர்மென் ஆர் ஹோப்ஃபுல்.' பார்க்கிற நமக்கு அந்தக் காட்சி நம்பிக்கை தருகிறது: 'இட் இஸ் எ ஹோப்ஃபுல் சைன்.'

சைன், நியூஸ், ஸ்டார்ட், மெசேஜ் இவற்றுக்கு முன்னால் தயங்காமல் போடலாம். மீன், நண்டு, வலை என்று கையில் பிடிக்கிற பொருளுக்கு முன்னால் வேண்டாம், ஒட்டாது. மீன்பாடு நன்றாக இருக்கும் போலத் தோன்றினால் 'தி கேட்ச் லுக்ஸ் ப்ராமிஸிங்' என்பதுதான் சரி.

இன்னொரு சொல் 'என்கரேஜிங்'. கொஞ்சம் நல்லது ஏற்கெனவே நடந்து, மேற்கொண்டு செய்யத் தெம்பு கொடுத்தால் இது. 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா என்கிற கடற்பசுவுக்கான பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. அது ஹோப்ஃபுல் நியூஸ். வலையில் மாட்டிய ஆவுளியாவை, வலை போனாலும் பரவாயில்லை என்று மீனவர்களே அறுத்து உயிரோடு கடலில் விடுகிறார்களே, அது என்கரேஜிங். எனக்கு இந்த உதாரணத்தைச் சொல்லச் சொல்ல அலுக்காது.

'ஹோப்ஃபுல்லி' வேறு. பெரும்பாலும் வாக்கியத்தின் தலையில் வந்து, 'நடந்தால் நல்லது' என்கிற அர்த்தம் தரும்: 'ஹோப்ஃபுல்லி, இட் வில் ரெயின்.'

அப்புறம், ஹோப்ஃபுல் என்று சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். எது நம்பிக்கை தருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்டர்வியூவில் ஊரைப் பற்றிக் கேட்டால், 'மோர் கேர்ள்ஸ் ஃப்ரம் அவர் ஸ்ட்ரீட் கோ டு காலேஜ் நவ். தட் இஸ் எ ஹோப்ஃபுல் சைன்' என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர் அடுத்த கேள்வியை அதிலிருந்தே எடுப்பார்.