தேய்த்தால் போகாத கறுப்பு: தோல் நிறத்தில் நாம் செய்யும் தவறுகள்

அக்கா மகளுக்கு 12 வயது நடந்தபோது கழுத்தின் பின்புறம் கறுக்க ஆரம்பித்தது. "ஒழுங்காத் தேய்ச்சுக் குளிக்க மாட்டேங்கிறா தம்பி, பாரு எவ்வளவு அழுக்குன்னு" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எலுமிச்சை மூடியும் நைலான் நாருமாக அக்கா உட்கார்ந்துவிடுவாள். பிள்ளை அழும். தேய்த்த இடம் சிவந்து எரியும். அடுத்த வாரம் முன்னைவிடக் கறுத்திருக்கும். ஒருநாள் விரலால் தடவிப் பார்த்தேன். வெல்வெட் துணியைத் தொட்டதுபோல் தடிப்பு, குறுக்கே வரிவரியாக மடிப்பு. அழுக்கு அப்படி இருக்காது. "அக்கா, நாரைக் கீழே வை. முதல்ல இவளுக்குச் சர்க்கரை பார்க்கணும்" என்றேன். அக்காவுக்கு என்மேல் கோபம்தான் வந்தது.

நம் ஊரில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட்போல் தடித்துக் கறுப்பதற்கு மருத்துவத்தில் அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று பெயர். பெரும்பாலும் உடலில் இன்சுலின் இருந்தும் அது சரியாக வேலை செய்யாத நிலையில் வருவது. வேலை நடக்காததால் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிஞ்சிப்போன இன்சுலின், தனக்கு நெருங்கிய உறவான இன்னொரு ஏற்பியில், ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணிக்கான ஏற்பியில், போய் ஒட்டிக்கொள்கிறது. தோல் செல்களுக்கு அது "பெருகு" என்ற உத்தரவு. அவை பெருகி, தோல் தடித்து மடிகிறது. அந்தத் தடிப்பும் மடிப்பும்தான் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகின்றன. நிறமியின் பங்கு அதில் மிகக் குறைவு. உள்ளே இன்சுலின் குறையாமல் வெளியே என்ன தேய்த்தாலும் போகாது. நாரின் உராய்வே தனியாக ஒரு கறுப்பைக் கொண்டுவரும், அது வேறு. எடை கூடிய பிள்ளைக்குக் கழுத்து கறுத்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சியும் பாருங்கள். வயதானவர்களுக்குத் திடீரென்று வேகமாகப் பரவி, உடலும் இளைத்தால், அரிதாக வயிற்றுப் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஏற்பி என்றேன். பெரும்பாலும் செல்லின் மேலுறையில் நிற்கும் புரதம் அது. வெளியிலிருந்து வரும் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறு வந்து பொருந்தினால் மட்டும் உள்ளே சேதி சொல்லும். தோலின் நிறம் பெருமளவு இப்படிப்பட்ட சேதிப் போக்குவரத்தில்தான் நடக்கிறது. இதை மறந்து நிறத்தைப் பூச்சுபோலவும் கறைபோலவும் நினைப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் எல்லாம் கிளம்புகின்றன.

கறுத்த தோலில் நிறமிச் செல்கள் அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். எண்ணிக்கை எல்லா மனிதர்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மேல்தோலின் அடி வரிசையில் இருக்கும் ஒரு மெலனோசைட், அதாவது நிறமிச் செல், சுற்றிலும் உள்ள சுமார் 36 கெரட்டினோசைட்டுகளுக்கு, அதாவது சாதாரணத் தோல் செல்களுக்கு, நிறமிப் பொட்டலங்களைக் கொடுக்கிறது. அந்தப் பொட்டலங்களின் அளவு, உள்ளிருக்கும் மெலனின் என்ற நிறமியின் வகை, அவை எவ்வளவு காலம் கலையாமல் இருக்கின்றன என்பவற்றில்தான் வேறுபாடு. பெற்றுக்கொண்ட செல்லில் அவை உட்கருவுக்கு மேலே குடை பிடித்தாற்போல் கூடி நிற்கும். டிஎன்ஏவை வெயிலிலிருந்து காக்கும் குடை. அதை அழுக்கென்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

வெயில் நேராக மெலனோசைட்டைச் சுட்டுக் கறுக்க வைக்கிறது என்பது அடுத்த தவறு. புற ஊதாக் கதிர் முதலில் கெரட்டினோசைட்டின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. அங்கே பி53 என்ற காவல் புரதம் விழிக்கிறது. புற்றுநோய் பற்றிய பேச்சில் அடிக்கடி வரும் அதே பி53தான். அது பிஓஎம்சி என்ற பெரிய புரதத்தைச் செய்யச் சொல்கிறது. அதை வெட்டினால் 13 அமினோ அமிலம் கொண்ட ஆல்ஃபா எம்எஸ்எச் என்ற துண்டு கிடைக்கிறது. இத்துண்டு பக்கத்து மெலனோசைட்டின் எம்சி1ஆர் ஏற்பியில் பொருந்த, உள்ளே சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு ஏறுகிறது, எம்ஐடிஎஃப் என்ற புரதம் கூடுகிறது, மெலனின் செய்யும் டைரோசினேஸ் என்ற என்சைம் பெருகுகிறது, மெலனின் உண்டாகிறது. பி53 இதில் கலந்திருப்பது 2007இல்தான் தெரிந்தது. ஆக அடிபட்டவர் ஒருவர், உதவி செய்பவர் பக்கத்து வீட்டுக்காரர்.

இந்தச் சேதியை ஆய்வுக்கூடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். எலியின் பி16 மெலனோமா (நிறமிச் செல் புற்று) செல்களை இரண்டு தட்டில் வளர்த்து, ஒன்றில் மட்டும் ஆல்ஃபா எம்எஸ்எச் விட்டு மூன்று நாள் வைப்போம். பிறகு செல்களைக் குழாயில் எடுத்துச் சுழற்றினால் அடியில் சின்ன உருண்டையாகத் தங்கும். மருந்து படாதது வெளிர்ப் பழுப்பு. பட்டது மிளகுபோல் கறுப்பு. முதல் முறை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 13 அமினோ அமிலம் செய்த வேலை அது.

இதே ஏற்பியால் ஒரு பெரிய நோய் தவறவிடப்படுகிறது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி செயலிழந்தால், மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, அதைத் தூண்டும் ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. ஏசிடிஎச்சின் முதல் 13 அமினோ அமிலங்களின் வரிசைதான் ஆல்ஃபா எம்எஸ்எச்சிலும். எனவே எம்சி1ஆர் அதற்கும் திறக்கிறது, உடல் கறுக்கிறது. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இலேயே எழுதிவைத்த நோய். "வெயில்ல அலைஞ்சு கறுத்துட்டே" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்போம். வெயில் படாத உள்ளங்கை ரேகை, பழைய தழும்பு, ஈறு, விரல் முட்டி எல்லாம் புதிதாகக் கறுத்து, கூடவே தாங்காத சோர்வு, எடை குறைவு, உப்பு மேல் ஆசை, எழுந்தால் தலைசுற்றல் இருந்தால் அது வெயில் இல்லை. நம்மில் பலருக்கு ஈறு பிறந்ததிலிருந்தே கருமையாக இருக்கும். புதிதாக வந்ததா என்பதுதான் கேள்வி. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

"நிற ஜீன்" என்று ஒன்று இருப்பதாகப் பேசுவதும் சரியில்லை. எம்சி1ஆர் ஏற்பிக்கான ஜீனின் மாறுபாட்டுக்கும் செம்பட்டை முடிக்கும் உள்ள தொடர்பு 1995இல் தெரியவந்தது. அது முக்கியமாக வட ஐரோப்பிய மக்களின் கதை. தெற்காசியருக்குள் மாநிறம், கறுப்பு, சிவப்பு என்று நாம் பிரிக்கும் வித்தியாசத்தில், 2005இல் வரிக்குதிரை மீனில் பிடிபட்ட எஸ்எல்சி24ஏ5 என்ற ஜீனுக்குத் தெளிவான பங்கு உண்டு. அது ஏற்பியே கிடையாது, அயனிகளைப் பரிமாற்றும் புரதம். இன்னும் பல ஜீன்கள் சேர்ந்துதான் ஒருவர் நிறம் அமைகிறது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வேறு வேறு நிறத்தில் இருப்பதில் வியப்பில்லை.

ஆய்வுச் செய்தி படிக்கும்போது நான் முதலில் தேடுவது, சோதனை எதில் நடந்தது என்பதை. 2006இல் ஃபோர்ஸ்கோலின் என்ற தாவரப் பொருளைத் தடவி, எம்சி1ஆர் வேலை செய்யாத எலிகளின் தோலைக் கறுக்க வைத்தார்கள். ஏற்பியைத் தாண்டி நேராக சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றியதால் அது நடந்தது. அழகான ஆய்வு. சாதாரண எலிக்கு உடல் முழுக்க மேல்தோலில் மெலனோசைட் கிடையாது, பெரும்பாலும் முடிவேரில்தான். அதனால் மனிதத் தோலைப்போல் மேல்தோலிலும் அவை தங்கும்படி மாற்றிய எலிகளைப் பயன்படுத்தினார்கள். தடித்த மனிதத் தோலுக்குள் ஃபோர்ஸ்கோலின் போதிய அளவு இறங்கவில்லை. "எலியில் வெற்றி" என்ற தலைப்புக்கும் உங்கள் கைக்கும் நடுவே இத்தனை இருக்கிறது.

சிவப்பழகுப் பொருள்களின் விளம்பரத்தில் "டைரோசினேஸைத் தடுக்கும் என நிரூபிக்கப்பட்டது" என்ற வரி வரும். எந்த டைரோசினேஸ்? மலிவாகக் கிடைப்பது மொட்டுக் காளானிலிருந்து எடுத்தது. காளானை நறுக்கி வைத்தால் பழுப்பாகிறதே, அந்த என்சைம். மனித டைரோசினேஸ் நிறமிப் பொட்டலத்தின் சவ்வில் பொதிந்திருக்கிறது, வடிவமும் வேறு. சிவப்பழகு கிரீம்களில் சேர்க்கும் கோஜிக் அமிலம், காளான் என்சைமைப் பிரமாதமாகத் தடுத்தாலும், மனித என்சைமில் பலவீனமாகத்தான் தடுக்கிறது என்று 2018இல் வெளியான ஒப்பீடு காட்டியது. காளான் சோதனையை மட்டும் நம்பி முகத்தில் பூசுவது, பக்கத்து வீட்டுச் சாவியை நம்பி நம் வீட்டுப் பூட்டைத் திறக்கப் பார்ப்பது மாதிரி.

இன்னொரு தவறு ஆய்வாளர்களே செய்வது. தட்டில் மெலனின் குறைந்தது என்று எழுதுவார்கள், செல்கள் உயிரோடு இருந்தனவா என்று காட்ட மாட்டார்கள். செத்த செல் மெலனின் செய்யாது. ஜப்பானில் நடந்ததை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ரோடோடென்ட்ரால் மரப்பட்டையில் இருக்கும் இயற்கைப் பொருள். டைரோசினேஸைத் தடுக்கும் என்று 2008இல் அனுமதி பெற்று அழகு கிரீம்களில் சேர்க்கப்பட்டது. 2013 ஜூலையில் அவற்றைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். பாதிப்பைத் தெரிவித்தவர்கள் 19,000க்கும் மேல். கழுத்திலும் முகத்திலும் கையிலும் திட்டுத் திட்டாக வெண்புள்ளி. டைரோசினேஸ் அந்தப் பொருளைத் தானே பற்றிக்கொண்டு, மெலனோசைட்டைக் கொல்லும் நச்சாக மாற்றிவிட்டது. இயற்கையானது, ஆகவே கெடுதல் செய்யாது என்று யாராவது சொல்லும்போது அந்த முகங்கள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

மங்கு உள்ளவர்கள் சன்ஸ்கிரீனின் எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதும் போதாது. மெலனோசைட்டில் ஆப்சின்-3 என்ற இன்னொரு உணரி உண்டு. கண்ணில் ஒளியை உணரும் புரதங்களின் குடும்பம். நீல ஒளி பட்டால் அதுவும் கறுக்கச் சொல்கிறது. மாநிறத்திலும் கறுத்த தோலிலும் இது நன்றாகத் தெரியும். 2018இல் வெளியான கண்டுபிடிப்பு. வெள்ளையாகவோ நிறமில்லாமலோ இருக்கும் வழக்கமான சன்ஸ்கிரீன் இந்த ஒளியை அதிகம் தடுக்காது. இரும்பு ஆக்சைடு சேர்ந்த, லேசான தோல் நிறத்தில் இருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, எனக்கு அதிகம் வயிற்றெரிச்சல் தருவது. மருந்துக்கடையில் "ஒரு வாரத்தில் சிவப்பாகும்" என்று நீட்டும் ட்யூப். அதில் இருப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டுக்கு ஏற்பி செல்லுக்கு உள்ளேயே இருக்கிறது, அதன் உத்தரவு பல ஜீன்களைத் தொடும். முதல் சில வாரம் முகம் வெளுக்கும். பிறகு தோல் மெலியும், ரத்தக் குழாய் தெரியும், பருவும் முடியும் கிளம்பும். நிறுத்தினால் முகம் பற்றியெரியும், மறுபடி அதையே தேடவைக்கும். 2018லேயே இவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் இந்திய அரசு சேர்த்துவிட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. உங்கள் வீட்டு ட்யூபின் பின்புறம் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அந்த ட்யூபையே கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார்.