பேஸ்பால் அணியிடம் உதவி கேட்பது: எந்தக் கதவு, எந்தக் காகிதம், எப்போது

அமெரிக்காவில் சிறுவர் லீகோ, உணவு வங்கியோ, வார இறுதிப் பள்ளியோ நடத்துகிறவர்கள் ஊரில் உள்ள மேஜர் லீக் பேஸ்பால் (உச்ச நிலைத் தொழில்முறை லீக்) அணிக்கு ஒரு கடிதம் போடுவார்கள்: “எங்கள் நற்பணிக்கு இயன்றதைச் செய்யுங்கள்.” பெரும்பாலும் பதில் வராது. அணிக்கு மனமில்லை என்று அர்த்தமில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1953 முதல் ஜிம்மி ஃபண்ட் என்ற புற்றுநோய் நிதிக்குத் துணை நிற்கிறது. மற்ற அணிகளுக்கும் இப்படி ஏதாவது உண்டு. சிக்கல் வேறு. “அணி” என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் வழக்கமாக நான்கு அலுவலகங்கள் இருக்கின்றன. நீங்கள் நிதி திரட்ட நடத்தும் ஏலத்துக்குப் பந்தும் சட்டையும் தருவது சமூக உறவுப் பிரிவு. டிக்கெட் விற்று நிதி திரட்ட விடுவது விற்பனைப் பிரிவு. மைதான உணவுக் கடைகளை நடத்துவது வெளி ஒப்பந்த நிறுவனம். பணமாக மானியம் தருவது அறக்கட்டளை. அது சட்டப்படி தனி அமைப்பு, தனிக் கணக்கு. “இயன்றதைச் செய்யுங்கள்” என்ற கடிதம் இந்த நால்வரில் யாருடைய மேசைக்கும் உரியதல்ல.

முதலில் காகிதங்கள். வருமான வரித் துறை தந்த 501சி3 (வரிவிலக்கு பெற்ற அறப்பணி அமைப்பு) அங்கீகாரக் கடிதம், ஈஐஎன் என்ற வரி அடையாள எண், அந்த எண்ணைப் பணம் தருபவருக்குத் தெரிவிக்கும் கையெழுத்திட்ட டபிள்யூ-9 படிவம், கடைசியாகத் தாக்கல் செய்த 990 என்ற ஆண்டுக் கணக்குப் படிவம். இந்த நான்கையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலரைத் தாண்டாத சிறு சங்கங்கள் 990-என் என்ற சுருக்கமான இணையப் படிவத்தை (மின் அஞ்சலட்டை என்பார்கள்) தாக்கல் செய்தால் போதும். அதைத் தொடர்ந்து மூன்று ஆண்டு மறந்தால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் மாறும் சங்கங்களில் இது அடிக்கடி நடக்கிறது, யாருக்கும் தெரியாமலே. வரித் துறையின் இணையத் தேடலில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ, விண்ணப்பத்திலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும். வரிவிலக்கு இன்னும் வராவிட்டால், ஏற்கெனவே வரிவிலக்கு உள்ள ஒரு அமைப்பின் குடையின் கீழ் விண்ணப்பிக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

எளிதில் திறக்கும் கதவு ஏலப் பொருள். இணையப் படிவத்தில் நிகழ்ச்சித் தேதி, எத்தனை பேர் வருவார்கள், திரட்டும் பணம் எதற்கு என்று கேட்பார்கள். ஆறு முதல் எட்டு வாரம் முன்னதாக அனுப்புங்கள். பல அணிகள் ஒரு அமைப்புக்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் தரும். ஆகவே இரண்டு பொறுப்பாளர்கள் தனித்தனியே விண்ணப்பித்தால் இரண்டுமே தள்ளுபடியாகக்கூடும். நட்சத்திர வீரரின் கையெழுத்துதான் வேண்டும் என்று கேட்காதீர்கள். இருப்பில் இருப்பதைத்தான் அனுப்புவார்கள். பந்து கைக்கு வந்ததும் வெயில் படாத இடத்தில், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். பேனா மை வெளிச்சத்தில் மங்கும், விரல் பட்டால் கலையும். அதில் மேஜர் லீக் ஹோலோகிராம் (அசல் என்று காட்டும் எண்ணிட்ட ஒட்டி, 2001ல் தொடங்கிய முறை) ஒட்டியிருந்தால் அந்த எண்ணை ஏலத் தாளில், அதாவது பொருளின் விவரம் எழுதும் தாளில், குறியுங்கள். வாங்குபவர் இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். எண் இல்லையென்றால் “சான்றளிக்கப்பட்டது” என்று எழுதாதீர்கள்.

டிக்கெட் கூப்பன் வந்தால் அதன் பின்பக்கத்துச் சிறு எழுத்தைப் படியுங்கள். தொடக்க ஆட்டம், பரம எதிரி அணியோடு ஆடும் ஆட்டம் போன்றவற்றுக்குச் செல்லாது என்று இருக்கலாம். அதை ஏலத் தாளில் போடாவிட்டால் வென்றவரின் கோபம் உங்கள் தலையில்தான் விடியும். சந்தை மதிப்பையும் எழுதுங்கள். 100 டாலர் மதிப்புள்ளதை 160 டாலருக்கு எடுத்தவருக்கு வரிக்கணக்கில் 60 டாலர்தான் நன்கொடை. 75 டாலருக்கு மேல் கொடுத்துப் பொருளும் பெற்றவருக்கு இந்தக் கணக்கை எழுத்தில் தருவது உங்கள் சட்டக் கடமை.

அடுத்தது குழு டிக்கெட். விற்பனைப் பிரிவு உங்களுக்கென்று ஒரு இணைப்பு தரும். அதன் வழியே விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பங்கு சங்கத்துக்கு வரும். டிக்கெட்டுக்கு 5 டாலர் என்று வைத்துக்கொண்டால் 120 பேர் வந்தால் 600 டாலர். பெரிய தொகை அல்ல, உழைப்பும் அதிகமில்லை. அணிக்கு ஊரில் 81 ஆட்டங்கள். ஏப்ரல், மே மாத வாரநாள் இரவுகளில் இருக்கைகள் காலியாகக் கிடக்கும், பேரம் பேச அதுவே நல்ல நேரம். ஆனால் வடக்கு நகரங்களில் அப்போது குளிர் எலும்பைத் தொடும், மறுநாள் பள்ளி வேறு. பிள்ளைகள் இருக்கும் கூட்டத்துக்குப் பங்கு குறைந்தாலும் ஜூன் மாதச் சனி, ஞாயிறே சரி.

இதில் கெட்டுப்போவது இரண்டு இடத்தில். இணைப்பு வருவதற்குள் பாதிப் பேர் மறுவிற்பனைத் தளத்தில் மலிவாக வாங்கிவிடுவார்கள்; அந்த டிக்கெட்டில் சங்கத்துக்குக் காசும் இல்லை, இருக்கையும் வேறு பக்கம். இன்னொன்று மழை. ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபின் மழையால் ஆட்டம் நின்றால் அது முழு ஆட்டமாகவே கணக்கு, மாற்று டிக்கெட் கிடைக்காது. ஆட்டமே தொடங்காமல் தள்ளிப்போனால் டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும், நீங்கள் பிடித்த பேருந்துக்கு அந்த வசதி இல்லை. கூட்டம் பெரிதாக இருந்தால், ஆட்டத்துக்கு முன் சம்பிரதாயமாக முதல் பந்து வீசும் வாய்ப்பையும் கேட்கலாம். பந்து வீசுபவர் நிற்கும் மேட்டிலிருந்து, மட்டைக்காரர் நிற்கும் ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். பத்து வயதுப் பிள்ளையை மேட்டுக்கு முன்னால் புல்லில் நிற்கச் சொல்லுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

உழைக்க ஆள் உள்ள சங்கத்துக்கு உணவுக் கடைப் பணி நல்ல வருமானம். அராமார்க், லீவி, டெலவேர் நார்த் போன்ற ஒப்பந்த நிறுவனங்கள் தன்னார்வலர் குழுவிடம் ஒரு கடையை ஒப்படைத்து, வரி போக விற்பனையில் ஒரு விழுக்காட்டைச் சங்கத்துக்குத் தரும். ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: ஆள் குறைந்தால் எவ்வளவு பிடித்தம், கல்லாவில் பணம் குறைந்தால் யார் பொறுப்பு, காப்பீட்டுச் சான்று யார் தருவது. பீர் விற்கும் கடையென்றால் மாநில விதிப்படி வயது வரம்பும் பயிற்சியும் இருக்கும். பத்துப் பேர் வேண்டுமென்றால் பதின்மூன்று பேரிடம் ஒப்புதல் வாங்குங்கள்.

ஒரு கண்ணி இருக்கிறது. “யார் வேலை செய்தாரோ அவர் பிள்ளையின் கட்டணத்தில் கழித்துக்கொள்வோம்” என்று பல பெற்றோர் சங்கங்கள் கணக்கு வைக்கின்றன. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வரித் துறை அதைத் தனிநபர் ஆதாயம் என்கிறது. இப்படிப் பங்கு பிரித்த ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பெற்றோர் சங்கத்தின் வரிவிலக்கை நீக்கியது சரியே என்று 2013ல் அமெரிக்க வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருமானம் பொதுக் கணக்குக்கே போகட்டும்.

ஆட்டத்தின்போது நடக்கும் 50/50 சீட்டுக் குலுக்கலில் வசூலில் பாதி வென்றவருக்கு, பாதி அணியின் அறக்கட்டளைக்கு. அதைப் பார்த்து உங்கள் ஆண்டு விருந்தில் அப்படியே செய்யாதீர்கள். கலிஃபோர்னியாவில் சாதாரண அறக்கட்டளைக் குலுக்கலில் வசூலின் 90 விழுக்காடு அறப்பணிக்குப் போக வேண்டும். பாதிக்குப் பாதி என்பது தொழில்முறை அணிகளின் அறக்கட்டளைகளுக்கு மட்டும் தந்த தனி விலக்கு. டெக்சாஸில் அணிகளின் குலுக்கலுக்காக 2015ல் மாநில அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டியிருந்தது. உங்கள் மாநில விதியைப் படிக்காமல் ஒரு சீட்டுக்கூட விற்காதீர்கள்.

மானியம் என்றால் அணிகள் மனம் விரும்பித் தருவது ஆடுகளச் சீரமைப்புக்கு. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அறக்கட்டளையின் டிரீம்ஃபீல்ட்ஸ் திட்டம் அதற்கென்றே இருக்கிறது. விண்ணப்பத்தின் உயிர் நிலத்தின் உரிமைக் கடிதம். நிலம் நகராட்சியுடையதா, பள்ளி மாவட்டத்துடையதா, எத்தனை ஆண்டு உங்களுக்கு உபயோகம், புல்வெட்டும் செலவு யாருடையது என்று நிலச் சொந்தக்காரரின் கையெழுத்தில் வேண்டும்.

அடுத்து, நோயைச் சரியாகச் சொல்லுங்கள். “மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது, புது மண் வேண்டும்” என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். தேங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் மண் அல்ல, விளிம்பு. இன்ஃபீல்டை (பேஸ்களைச் சுற்றிய மண் பகுதியை) இழுவை வலையால் சமன்படுத்தும்போதும் காற்றிலும் மழையிலும் மண் நகர்ந்து புல்லின் ஓரத்தில் ஒதுங்கும். அதன்மேல் புல் படரும். சில ஆண்டுகளில் அது ஓரிரு அங்குல வரப்பாகி உள்ளே தண்ணீரைக் கட்டிப்போடும். அதில் புது மண்ணைக் கொட்டினால் வரப்பும் கூடவே வளரும். ஆகவே கேட்க வேண்டியது: விளிம்புப் புல்லை வெட்டியெடுத்து வரப்பை நீக்குவது, களத்தை லேசர் கருவியால் வெளிப்பக்கமாகச் சற்றே சரிவாக மட்டப்படுத்துவது, பிறகு தேவையான அளவு மண். பராமரிப்புத் திட்டத்தில், இழுவை வலை புல்லுக்கு ஓரடி முன்பே நிற்கும், ஓரத்தைக் கையால் வாருவோம் என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரியிலேயே விஷயம் தெரிந்தவர்கள் என்பது புரிந்துவிடும்.

அளவுகளும் பிழையின்றி இருக்கட்டும். பன்னிரண்டு வயது வரையான லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பால்) களத்தில் பேஸ்களுக்கு (ஓடித் தொட வேண்டிய தளங்கள்) இடையே 60 அடி, பந்து வீசுபவர் இடத்திலிருந்து ஹோம் பிளேட்டுக்கு 46 அடி. பெரியவர்களுக்கு 90 அடி, 60 அடி 6 அங்குலம். ஒரே களத்தில் இரண்டு வயதினரும் ஆடினால் கூடுதல் பேஸ் பொருத்தும் குழிகளையும் நகர்த்தக்கூடிய மேட்டையும் செலவுப் பட்டியலில் மறக்காதீர்கள்.

வீரரை அழைப்பது கடைசிக் கதவு. இரவு ஏழு மணி ஆட்டத்துக்கு அவர்கள் மதியமே மைதானத்துக்கு வந்துவிடுவார்கள், நடுவில் ஊர் ஊராகப் பயணம். ஆகவே ஓய்வுபெற்ற வீரர், அணியின் பொம்மை வேடக்காரர் என்று கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு அணியும் சமூகப் பணிக்கான ராபர்ட்டோ கிளெமென்டே விருதுக்கு ஆண்டுதோறும் ஒரு வீரரை முன்மொழிகிறது. 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா நிலநடுக்கத்துக்கு உதவிப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்த பேஸ்பால் வீரர் பெயரில் உள்ளது அது. அவ்வாறு முன்மொழியப்படும் வீரர் எந்தப் பணியில் ஈடுபடுகிறார் என்று பாருங்கள். உங்கள் பணியும் அதுவென்றால் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். படம் எடுப்பதற்குப் பெற்றோரின் ஒப்புதல் படிவத்தை முன்தினமே வாங்கி வையுங்கள்.

எது கிடைத்தாலும் அணியின் சின்னத்தையும் வீரர் படத்தையும் இணையத்திலிருந்து எடுத்து போஸ்டரில் ஒட்டாதீர்கள். சின்னத்துக்கும் வீரர் உருவத்துக்கும் தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. வடிவமைப்பை அனுப்பி எழுத்தில் சம்மதம் வந்தபின் அச்சுக்குக் கொடுங்கள். அதற்கென்று இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.