கடலோரத் தொடக்கப் பள்ளி: குறிக்கோளை எழுதுவதும் கற்றலை அளப்பதும்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நுழைந்தாலும் பல வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். விசைப்படகுக்குப் போகிறவர் பிள்ளை, நாட்டுப்படகுக்காரர் பிள்ளை, கடற்பாசி எடுக்கும் அம்மாவின் பிள்ளை, பனையேறி வீட்டுப் பிள்ளை, கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, மண்டபம் பக்கமானால் இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளை. இத்தனை பேருக்கும் சேர்த்து ‘அனைவருக்கும் தரமான கல்வி’ என்று சுவரில் எழுதிவைத்தால், அது நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுத்திருக்கிறது. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தலைமையாசிரியர் தனியாக எழுதி, கையெழுத்துக்கு மட்டும் நோட்டைச் சுற்றுக்கு விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அப்படி எழுதிய திட்டத்தில் சுற்றுச்சுவரும் வண்ணப்பூச்சும் இருக்கும், வாசிப்பு இருக்காது.

குறிக்கோள் மூன்று வரிக்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு வரியையும் ஆம், இல்லை என்று சோதிக்க முடியவேண்டும். உதாரணமாக: ‘2ஆம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் முன்பு பார்த்திராத 4 வரிப் பத்தியைத் தானே வாசிக்கும். 5ஆம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் கடன் வாங்கிக் கழிக்கும், ஒற்றை இலக்கத்தால் வகுக்கும். தொழிலுக்காக ஊர் மாறிப்போய்த் திரும்பும் பிள்ளைக்கு 10 பள்ளி நாளுக்குள் விட்ட பாடம் கண்டறியப்படும்.’

வருகையைக் கடலோடு சேர்த்துப் படியுங்கள்

போன ஆண்டின் வருகைப் பதிவேட்டையும் ஒரு நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சார்ட் தாளில் மாதங்களை வரிசையாகக் கோடு போட்டு, அமாவாசை, பௌர்ணமி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம், பதநீர்க் காலம், நோன்பு மாதம், ஏர்வாடிச் சந்தனக்கூடு, உங்கள் ஊர்க் கோயில், தேவாலயத் திருவிழாக்கள் எல்லாவற்றையும் குறியுங்கள். அதன் மேல் ஒவ்வொரு பிள்ளையும் வராத நாளைப் புள்ளியாக வையுங்கள். பாசி எடுக்கும் வீடுகளில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிப் புள்ளிகள் குவிகின்றனவா என்று பாருங்கள். அம்மா தீவுப் பக்கம் போகும் நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நிற்பாள். அவளைக் கண்டிப்பதில் பயன் இல்லை. தம்பியை அங்கன்வாடியில் எத்தனை மணிக்குச் சேர்த்துக்கொள்வார்கள் என்று அந்தப் பணியாளரிடம் பேசினால் வழி பிறக்கும்.

வகுப்புச் சராசரியை நம்ப வேண்டாம். 25 பிள்ளைகள், 20 பள்ளி நாள் என்றால் மொத்தம் 500. வருகை 92 சதவீதம் என்றால் 40 விடுப்பு. எல்லோரும் ஒன்றிரண்டு நாள் வராமல் இருந்தாலும் 40 வரும். இரண்டே பிள்ளைகள் மாதம் முழுக்க வராவிட்டாலும் அதே 40தான். ஆண்டில் 20 நாளுக்கு மேல் விட்ட பிள்ளைகளைத் தனிப் பட்டியலாக எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணத்தை ஒரு வார்த்தையில் எழுதுங்கள்.

பிந்தி வருவதையும் விடுப்பையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். காலையில் மதரசா முடித்து வரும் பிள்ளை தினமும் முதல் பாடவேளையில் கால் மணி நேரம் இழக்கலாம். ஜமாஅத்தாரிடம் சொன்னால் பெரும்பாலும் நேரத்தைச் சற்று முன்னே தள்ளிக்கொள்வார்கள். இதைச் சொல்ல யாரும் போகாததுதான் சிக்கலே.

வாசிப்பை அளப்பது

தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். அதோடு பள்ளிக்குள் தனியாக ஓர் அளவும் எடுங்கள். ஜூன் கடைசி, நவம்பர், மார்ச் என ஆண்டுக்கு மூன்று முறை போதும்.

ஐந்து அட்டைகள் தயாரியுங்கள்: 10 எழுத்து, 10 சொல், 2 வரி, 4 வரிப் பத்தி, 8 வரிக் கதையும் அதற்கு 2 கேள்வியும். பாடநூலிலிருந்து எடுக்கக் கூடாது, பாதிப் பிள்ளைகள் அதை மனப்பாடமாகவே சொல்லிவிடுவார்கள். ஒரு பிள்ளைக்கு 5 நிமிடம், தனியாக, வகுப்புக்கு வெளியே. ஓர் ஆசிரியரின் வகுப்பை மற்றவர் அளக்கட்டும், தன் வகுப்பை அளப்பவருக்குக் கை இளகும். 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள்தான் என்பதால் 5 மணி நேர வேலையை ஒரு வாரத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெளியே உட்கார முடியாது.

சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும். ‘நங்கூரம்’ என்று போட்டால் படகுக்காரர் பிள்ளை முதல் எழுத்தைப் பார்த்ததுமே சொல்லிவிடும். ‘பாளை’ என்று போட்டால் பனையேறி வீட்டுப் பிள்ளைக்கு அது எளிது. இரண்டிலும் நீங்கள் அளப்பது வாசிப்பை அல்ல. கண், மழை, குடம், பாட்டி போல எல்லா வீட்டிலும் புழங்கும் சொற்களே போதும். கதைக் கேள்விக்கு முகாம் பிள்ளை ‘அவை கதைச்சவை’ (அவர்கள் பேசினார்கள்) என்று பதில் சொன்னால் அது சரியான பதில். ல, ள, ழ உச்சரிப்புக்கும் இங்கே மதிப்பெண் குறைக்காதீர்கள், அதை எழுத்துப் பயிற்சியில் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் உகர, ஊகார வரிசை. மற்ற உயிர்க்குறிகள் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் வர, கு, சு, து, மு என இது மட்டும் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. து, நு, ணு ஒரு குழு, சு, பு, யு இன்னொரு குழு என்று வடிவம் பார்த்துப் பிரித்துக் கொடுத்தால் குழப்பம் குறையும். 3ஆம் வகுப்பிலும் சொல் அட்டையைத் தாண்டாத பிள்ளை இருந்தால் முதலில் இந்த வரிசையைச் சோதியுங்கள்.

முடிவை எழுதும்போது சதவீதம் வேண்டாம். 40 பேர் பள்ளியில் ஒரு பிள்ளையே 2.5 சதவீதம். ‘3ஆம் வகுப்பில் 9 பேர், பத்தி வாசிப்பவர் 5, சொல்லில் நிற்பவர் 3, அளக்கப்படாதவர் 1’ என்று எழுதுங்கள். அந்தக் கடைசி ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கினால் முடிவு உடனே அழகாகிவிடும், அதனால்தான் பல இடங்களில் நீக்குகிறார்கள். ஜூனில் இருந்த அதே பிள்ளைகளை மார்ச்சிலும் ஒப்பிடுங்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஒப்பிட்டு ஒன்றும் தெரியப்போவதில்லை.

திட்டத்தில் கட்டடத்துக்கு ஒரு பத்தி போதும். உப்புக் காற்றில் இரும்புக் குழாய் சீக்கிரம் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் குழாயே போடுங்கள். கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் அதன் கீழே யாரையும் உட்காரவைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் பழுது முடிய வேண்டும்.

பெற்றோரைக் கூட்டுவது

தகப்பன்மார்கள் வருவதில்லை என்பது பொதுவான புலம்பல். பள்ளி திறக்கும் ஜூன் தொடக்கத்துக்கும் தடைக்காலம் முடியும் 14ஆம் தேதிக்கும் இடையே விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். திட்டத்தை விளக்கும் கூட்டத்தை அந்த நாள்களில் வையுங்கள். பாசி எடுப்பவர்களுக்கு அமாவாசை, பௌர்ணமிக்கு இடைப்பட்ட நாளும், முஸ்லிம் வீட்டாருக்கு வெள்ளிக்கிழமையானால் ஜும்ஆ தொழுகை முடிந்த நேரமும் ஒத்துவரும். எண்களை உரக்கப் படியுங்கள், பெயர்களைப் படிக்காதீர்கள். எந்தத் தெருப் பிள்ளைகள் பின்தங்கினார்கள் என்று பொதுவில் சொன்னால் அந்தத் தெரு அடுத்த கூட்டத்துக்கு வராது.

ஆண்டின் நடுவில் வேறு கரையிலிருந்து வரும் பிள்ளையிடம் மாற்றுச் சான்றிதழோ வயதுச் சான்றோ இல்லாவிட்டாலும் சேர்க்கையை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் அன்றே உட்காரவையுங்கள், அந்த வாரத்திலேயே ஐந்து அட்டைகளையும் காட்டி நிலையைக் குறியுங்கள். மாணவர் விவரம் பதியும் எமிஸ் இணையத்தளத்தில் பழைய பள்ளி பெயரை விடுவிக்கவில்லை என்றால் வட்டார வள மையத்தில் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். அதுவரை பிள்ளையின் பெயர் உங்கள் வருகைப் பதிவேட்டில் பென்சிலில் இல்லாமல் பேனாவிலேயே இருக்கட்டும்.