பார்சலில் வந்த கருமுட்டையை வீட்டு இன்குபேட்டரில் பொரிக்க வைப்பது எப்படி?

வீட்டுக் கோழி இட்ட முட்டையை இன்குபேட்டரில் வைப்பது ஒரு வேலை. முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து பஸ் பார்சலில் வந்த, சிறுவிடை, கடக்நாத் போன்ற நாட்டுக்கோழி இனங்களின் முட்டையை வைப்பது வேறு வேலை. சொந்த முட்டை பத்தில் எட்டு பொரித்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். பார்சல் முட்டை பத்தில் ஐந்து பொரித்தாலே நல்ல கணக்கு.

இதற்குக் காரணம் பெரும்பாலும் காற்றறை. முட்டை ஓட்டை ஒட்டி உள்ளே இரண்டு சவ்வுகள் உண்டு. அகன்ற முனையில் மட்டும் அவை பிரிந்து நடுவே காற்று நிற்கும். பொரிப்பதற்கு முந்தின நாள் குஞ்சு தன் முதல் மூச்சை இழுப்பது இந்த அறையில்தான். வழியில் குலுங்கிய முட்டையில் உள்சவ்வு பிய்ந்து, காற்று அங்குமிங்கும் நகர ஆரம்பித்துவிடும். கீழே சொல்லும் படிகளில் பாதிக்கு மேல் இந்தக் காற்றறையைக் காப்பாற்றத்தான்.

வாங்கும்போதே கேட்க வேண்டியவை

முட்டை இட்டு எத்தனை நாள் ஆனது? 7 நாளுக்கு மேல் வைத்திருந்த முட்டையின் பொரிப்பு நாளுக்கு நாள் குறையும். வழியில் போகும் நாளையும் சேர்த்து 7 என்று கணக்கு வையுங்கள். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கூர்முனை கீழே இருக்கும்படி முட்டை அட்டையில் நிறுத்தி, மேலும் கீழும் பஞ்சோ மரத்தூளோ கொடுத்து, கையால் ஆட்டினால் அசையாதபடி கட்டச் சொல்லுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் வாங்காமல் இருப்பது நல்லது. சேமிக்கும் முட்டைக்கு 15 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான் ஏற்றது. வெயிலில் நிற்கும் பஸ்ஸின் டிக்கியில் 40 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, வளர முடியாமல் செத்துப்போகும். வெளியே பார்த்தால் முட்டையில் ஒரு கீறல்கூட இருக்காது.

பார்சல் வருவதற்கு முன்பே இன்குபேட்டர் ஓட வேண்டும்

கடையில் வாங்கியதோ, தெர்மாகோல் பெட்டியில் நீங்களே கட்டியதோ, ஃபேன் உள்ளதாக இருக்கட்டும். ஃபேன் இல்லாத பெட்டியில் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு. குறைந்தது 24 மணி நேரம் வெறுமனே ஓடவிட்டுப் பாருங்கள். உள்ளே இரண்டு தண்ணீர் பாட்டில்களைப் போட்டு வைத்தால் வெப்பம் நிதானமாக நிற்கும்.

ஃபேன் உள்ள பெட்டியில் 37.5 முதல் 37.7 டிகிரி. ஃபேன் இல்லையென்றால் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5 டிகிரி.

சூட்டைப் பார்த்துப் பல்பை எரியவிட்டு அணைக்கும் டபிள்யூ 1209 தெர்மோஸ்டாட் வைத்துக் கட்டுபவர்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். பி0 என்ற அமைப்பு கம்பெனியிலிருந்து ‘சி’ என்று வரும், அது குளிரூட்டுவதற்கு. ‘எச்’ என்று மாற்றினால்தான் பல்பு சரியாக எரியும். பி1 என்பது எத்தனை டிகிரி இறங்கினால் மறுபடி பல்பு எரிய வேண்டும் என்ற அளவு. அது 2 என்று வரும். 0.2 ஆக்குங்கள், இல்லையென்றால் வெப்பம் ஊஞ்சல் ஆடும். பல்பு ஒயரில் எந்த ஜாயின்ட்டும் வெளியே தெரியக் கூடாது. ஈரப்பதத்துக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணம் கீழேயே இருக்கிறது.

மீட்டர் காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் இன்குபேட்டரின் சென்சார் முனையையும் சேர்த்து முக்குங்கள். 37, 38 டிகிரிப் பக்கம் துல்லியமாக அளக்க வீட்டில் இருக்கும் நல்ல கருவி காய்ச்சல் தெர்மாமீட்டர்தான். ஈரப்பத மீட்டரைச் சோதிக்க, பாட்டில் மூடி நிறைய உப்பு எடுத்து, ஈர மணல் பதத்துக்குத் தண்ணீர் சொட்டு விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் காற்றுப் புகாமல் 8 மணி நேரம் வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால், இனி அது எதைக் காட்டினாலும் 7 கூட்டிக்கொள்ளுங்கள். மலிவு மீட்டர்களில் இவ்வளவு வித்தியாசம் சாதாரணம்.

முட்டை வந்ததும் அவசரப்படாதீர்கள்

பார்சலைப் பிரித்தவுடன் முட்டைகளை இன்குபேட்டருக்குள் அடுக்கக் கைகள் பரபரக்கும். வேண்டாம். கூர்முனை கீழே, அகன்ற முனை மேலே இருக்கும்படி முட்டை அட்டையில் நிறுத்தி, ஆட்டாமல் அசைக்காமல், வீட்டின் குளிர்ச்சியான மூலையில் 24 மணி நேரம் வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம். அழுக்கு ஒட்டியிருந்தால் கழுவாதீர்கள், ஓட்டின் மேலுள்ள காப்புப்பூச்சு போய்விடும். காய்ந்த எச்சத்தை நகத்தால் சுரண்டினால் போதும். ரொம்ப அழுக்கானதை ஒதுக்கிவிடுங்கள். உள்ளே கெட்டு வெடித்தால் மற்ற முட்டையும் கெடும்.

ஓய்வு முடிந்ததும் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். செல்போன் டார்ச்சின் மேல் கையைக் குவித்து, அகன்ற முனையை அதன் மேல் வைத்தால் போதும். காற்றறை 10 ரூபாய் நாணயம் அளவில் ஒரு தொப்பி மாதிரி மேலே தெரியும். முட்டையை லேசாகச் சாய்த்தாலும் தொப்பி நகரவில்லையென்றால் நல்ல முட்டை. தொப்பியின் ஓரம் ஒரு பக்கம் மட்டும் குதிரைச் சேணம் போல இறங்கித் தொங்கினால் அடிபட்டது, ஆனாலும் பொரிக்கும். காற்று ஒரே குமிழாக, தண்ணீர் மட்டம் பார்க்கும் ரசமட்டக் குழாயில் ஓடுவது மாதிரி நீங்கள் சாய்க்கும் பக்கமெல்லாம் ஓடினால் சவ்வு முழுதாகப் பிய்ந்துவிட்டது. அதையும் தூக்கிப் போடாதீர்கள், நின்ற நிலையிலேயே வைத்தால் சிலது வரும். மயிரிழை விரிசல் உள்ளதை மட்டும் நீக்குங்கள்.

காற்றறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, எடையையும் ஓட்டில் எழுதுங்கள். பேனா வேண்டாம்.

அடை வைப்பது

முட்டை அட்டையை வெட்டி, ஒவ்வொரு குழியின் அடியிலும் காற்றுப் போக ஒரு ஓட்டை போட்டு, அதில் முட்டைகளை நிறுத்தியபடியே இன்குபேட்டரில் வையுங்கள். பார்சல் முட்டையைப் படுக்க வைத்து உருட்டும் ரோலர் ட்ரேயில் போடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. பிய்ந்த சவ்வு மேலும் பிய்யும்.

நாள் கணக்கு இப்படி: வெள்ளிக்கிழமை மாலை வைத்தால் சனிக்கிழமை மாலைதான் ஒரு நாள் முடியும். 18ஆம் நாள் செவ்வாய் மாலை, 21ஆம் நாள் வெள்ளி மாலை.

திருப்புவதில் ஒரு கவனம். காற்றறை நகராத முட்டைகளை முதல் நாளிலிருந்தே திருப்பலாம். ஆடும் காற்றறை உள்ளதை முதல் 2, 3 நாள் தொடாதீர்கள். அதற்கு மேல் தள்ளிப் போடவும் கூடாது. முதல் வாரத்தில் திருப்பாவிட்டால் கரு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். உருட்டாமல், அட்டையையே ஒரு பக்கம் 45 டிகிரி, அடுத்த முறை மறுபக்கம் 45 டிகிரி சாயுங்கள். ஒரு பக்கத்துக்கு அடியில் கட்டை கொடுத்தால் முடிந்தது. நாளுக்கு 3 அல்லது 5 தடவை. ஒற்றைப்படையாக இருந்தால் நீண்ட இராத்திரி ஒவ்வொரு நாளும் வெவ்வேறு பக்கத்துக்கு அமையும்.

ஈரப்பதம்: மீட்டரை விட முட்டையைப் பாருங்கள்

முதல் 18 நாள் 45 முதல் 50 சதவீதம் என்பது பொது விதி. ஆனால் நவம்பரில் சென்னையில் அடை வைப்பவருக்குக் கிண்ணத்தில் சொட்டுத் தண்ணீர்கூடத் தேவைப்படாமல் போகலாம். பிப்ரவரியில் கோயம்புத்தூரில் அதே கிண்ணம் தினமும் வற்றும். இரண்டு பேருக்கும் ஒரே அளவு தண்ணீர் சொல்வது சரியில்லை.

உண்மையான அளவுகோல் எடை. 18 நாளில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 சதவீதம் இழக்க வேண்டும். 45 கிராம் உள்ள 12 முட்டை மொத்தம் 540 கிராம் என்றால், 7ஆம் நாள் 515 கிராம் பக்கமும், 18ஆம் நாள் 475 கிராம் பக்கமும் நிற்க வேண்டும். சமையலறைத் தராசு போதும். எடை வேகமாகக் குறைந்தால் தண்ணீரின் பரப்பைக் கூட்டுங்கள். குறையவே இல்லையென்றால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். கிண்ணத்தின் ஆழத்தால் ஒன்றும் ஆகாது, அகலம்தான் வேலை செய்யும்.

கரண்ட் போனால் பதறாதீர்கள். பெட்டியைத் திறக்காமல் மேலே ஒரு போர்வையைப் போர்த்துங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரம் தாங்கும். தாய்க்கோழியும் இரை தேட இறங்கிப் போய்த்தானே வருகிறது. குளிர்வதை விடச் சூடுதான் ஆபத்து. 40 டிகிரியைத் தாண்டினால் கரு சீக்கிரம் சாகும்.

7ஆம் நாள், 14ஆம் நாள் சோதனை

7ஆம் நாள் டார்ச் அடித்தால் நல்ல முட்டையில் நடுவே கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்தி வலை போல இரத்த நாளங்களும் தெரியும். கூர்ந்து பார்த்தால் புள்ளி துள்ளும். ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை, அதாவது கரு சேராத முட்டை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் 2 முதல் 4 நாளுக்குள் செத்த கரு. கடக்நாத் போன்ற பழுப்பு ஓடுகளில் 7ஆம் நாள் மங்கலாகத்தான் தெரியும். சந்தேகமானதை 10ஆம் நாள் வரை விட்டுவையுங்கள். 14ஆம் நாளில் முட்டை பாதிக்கு மேல் இருண்டு, பென்சில் கோட்டைத் தாண்டிக் காற்றறை பெரிதாகியிருக்கும். நாற்றம் அடிப்பது, ஓட்டில் ஈரம் கசிவது இரண்டையும் உடனே வெளியே எடுங்கள்.

18ஆம் நாள் முதல் மூடியைத் தொடக் கூடாது

திருப்புவதை நிறுத்துங்கள். ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். காற்றுத் துளைகளை முழுதாகத் திறந்து விடுங்கள். சேணக் காற்றறை முட்டைகளும் ஆடும் காற்றறை முட்டைகளும் அட்டையில் நின்றபடியே பொரிக்கட்டும். மற்றவற்றைப் படுக்க வைக்கலாம். கீழே சொரசொரப்பான துணி விரியுங்கள், செய்தித்தாளில் கால் வழுக்கிக் கவட்டைக் காலாகிவிடும்.

ஓட்டில் நட்சத்திரம் போல முதல் விரிசல் விழும். அதன் பிறகு பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. செத்துவிட்டது என்று நினைத்து உடைக்கப் போவது இந்த நேரத்தில்தான். உள்ளே குஞ்சு மிச்சமுள்ள மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, சவ்விலுள்ள இரத்தம் வற்றக் காத்திருக்கிறது. விரிசலிலிருந்து 12 முதல் 24 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மூடியைத் திறந்தால் ஈரம் சட்டென்று இறங்கி, சவ்வு காய்ந்து குஞ்சைப் பிளாஸ்டிக் கவர் மாதிரி சுற்றிக்கொள்ளும். 24 மணி நேரம் தாண்டியும் நகரவில்லை, சவ்வு பழுப்பாகக் காய்ந்திருக்கிறது என்றால் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஓரத்தை ஈரமாக்கி, கொஞ்சம் ஓட்டை உரியுங்கள். இரத்தம் ஒரு துளி தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

பழைய பார்சல் முட்டை 22ஆம் நாள்கூடப் பொரிக்கும். 23 முடியும் வரை அணைக்காதீர்கள். பொரித்த குஞ்சு உடம்பு காய்ந்து புசுபுசுவென்று ஆகும் வரை உள்ளேயே இருக்கட்டும். வயிற்றிலுள்ள மஞ்சள் கருவே இரண்டு நாளுக்கு உணவு. பிறகு 35 டிகிரி புரூடருக்கு (குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் பெட்டி) மாற்றி, வாரம் 3 டிகிரி குறையுங்கள். 7ஆம் நாளுக்குள் வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கு எஃப்1 அல்லது லசோட்டா தடுப்பு மருந்தைக் கண் சொட்டாக விடுங்கள்.

பொரிக்காததை உடைத்துப் பாருங்கள்

வீட்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு. முழு வளர்ச்சி, காற்றறை சிறியது, உள்ளே நீர் தேங்கியிருக்கிறது என்றால் 18 நாளும் ஈரம் அதிகம். கூர்முனைப் பக்கம் தலை இருந்தால் காற்றறை குலுங்கியதன் விளைவாக இருக்கலாம். 19, 20ஆம் நாளிலேயே பொரித்துத் தொப்புள் இரத்தமாக இருந்தால் வெப்பம் அதிகம்.

வெறும் கூமுட்டை எத்தனை, சிவப்பு வளையம் எத்தனை என்று தனித்தனியாகக் குறித்து முட்டை விற்றவருக்கு அனுப்புங்கள். கூமுட்டையே அதிகமென்றால் அவர் சேவலைப் பார்க்க வேண்டும். வளையம் அதிகமென்றால், முட்டையின் வயதும் பார்சல் வந்த வழியும்தான் விசாரிக்க வேண்டியவை.